கையெழுத்தை ஜூனியர் தலையில் கட்டாதீர்கள்

வேலையிடத்தில் தப்பு நடந்தால் துணிந்து மறுத்துவிடு என்று அறிவுரை சொல்கிறோம். யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும் சம்பளம் குறைந்த, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகளிடம். எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

என் துறை கட்டுமானம். இங்கே தர்மசங்கடம் கியூப் ரிஜிஸ்டர் (கான்கிரீட் சோதனைப் பதிவேடு) வடிவில்தான் வரும். தளத்துக்குப் போடும் அதே கான்கிரீட்டை 150 மி.மீ. கனசதுர அச்சில் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எம்25 ரக கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கணக்குப் போட்டால் 19தான் வருகிறது. மேல் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்தாயிற்று, பில்லும் போக வேண்டும். "தம்பி, 27ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, நான் பார்த்துக்கறேன்" என்பார் மேலதிகாரி. அவர் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

இத்தனைக்கும் நேர்வழி இருக்கிறது. கியூப் தேறவில்லை என்றால் உடனே கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி, கட்டிய பாகத்திலிருந்தே கோர் என்ற உருளைத் துண்டுகளை வெட்டிச் சோதிக்கலாம். அவற்றின் சராசரி, வேண்டிய பலத்தில் 85 சதவீதம் வந்து, எதுவும் 75க்குக் கீழே போகாவிட்டால் ஏற்கலாம். தேறாவிட்டால் பலப்படுத்தலாம். கொஞ்சம் தாமதம், கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். 2014 ஜூனில் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே காரணங்கள் வேறு. ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள் என்பதை மறக்க முடியவில்லை.

சரி, பையன் மறுத்தால் அவனுக்கு யார் துணை? நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டும் அது வெளியே போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்தது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியும் இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் மீதான புகார்களுக்குத்தான். தனியார் சைட்டில் நிற்கும் பையனுக்கு அதனால் பயனில்லை.

அதனால் சீனியர்களிடம் கேட்கிறேன். ரிஜிஸ்டரில் உங்கள் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். தேறாத கியூப் பற்றி ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டுக்கு (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர்) நீங்களே மெயில் அனுப்புங்கள், பையனை சிசியில் வையுங்கள். உரிமையாளர் கத்தினால் உங்களிடம் கத்தட்டும். உங்களுக்கு வேறு வேலை கிடைக்கும். அவனுக்கு அனுபவச் சான்றிதழே நீங்கள் கொடுத்தால்தான்.