அரைகுறை மாடலுக்கும் டூலில் இடம் வேண்டும்

மாடலை, அதாவது சிஸ்டம் எப்படி அமைய வேண்டும் என்று காட்டும் படத்தை அல்லது விவரிப்பை, மையமாக வைத்து மென்பொருள் கட்டுவது என்றாலே இன்று பல டெவலப்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுவரை அடைக்கும் கட்டங்களும் அம்புக்குறிகளும், அவற்றுக்குக் காவலாக ஓர் ஆர்க்கிடெக்ட், ஒரு பட்டனை அழுத்தினால் கொட்டும் ஆயிரக்கணக்கான வரி நிரல், அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. பலரும் அனுபவித்ததுதான் இது. ஆனால் இதை வைத்து, "மாடலே வேண்டாம், அஜைல் (ஓடும் மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகத் தந்துகொண்டே போகும் முறை) போதும்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டும் எதிரிகள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஸ்டீபன் மெல்லர். சாலி ஷ்லேயருடன் சேர்ந்து ஷ்லேயர்-மெல்லர் முறையை உருவாக்கியவர். மாடலையே இயக்கிப் பார்க்கலாம், அதிலிருந்தே நிரலை எடுக்கலாம் என்று பல காலமாக வாதாடியவர். அவருக்கு இரண்டும் ஒத்துப்போயின. அதே 2001-இல்தான் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்ற தரநிர்ணய அமைப்பு எம்டிஏ (மாடல் டிரிவன் ஆர்க்கிடெக்சர்) கட்டமைப்பை முன்வைத்தது: முதலில் எந்தத் தொழில்நுட்பத் தளத்தையும் சாராத மாடல், பிறகு குறிப்பிட்ட தளத்துக்கான மாடல், கடைசியில் நிரல். அதன் பிறகு பாதைகள் பிரிந்தன. ஒரு பக்கம் ஓடும் மென்பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது. இன்னொரு பக்கம் நூற்றுக்கணக்கான பக்கத் தரநிர்ணய ஆவணங்களுக்குள் போய்விட்டது.

சரி, இறுக்கம் எங்கே இருக்கிறது? என் பார்வையில் அது மாடலில் இல்லை. முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று டூல் பிடிக்கும் பிடிவாதத்தில் இருக்கிறது.

சாதாரண எடிட்டரில் பாதி எழுதிய நிரலைச் சேமிக்கலாம். அடைப்புக்குறி மூடாமல் இருக்கலாம், இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடலாம். நாளை வந்து தொடரலாம். கம்பைலரை நாம் கூப்பிடும்போதுதான் அது குறை சொல்லும். மெட்டாமாடல் (மாடலில் எவையெல்லாம் வரலாம், எப்படி இணையலாம் என்ற விதிகள்) அடிப்படையில் கட்டிய பல மாடலிங் டூல்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது. மெட்டாமாடலில் இல்லாத ஒன்றைத் திரையில் வைக்கவே முடியாது. ஒரு பெட்டி போட்டால் "இது கிளாஸா, காம்பொனென்டா?" என்று உடனே கேட்கும். நமக்கோ அது என்னவென்று இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே வரையவே உட்கார்ந்தோம்?

அதனால் என்ன ஆகிறது? யோசனை முழுக்க வெள்ளைப் பலகையில் நடக்கிறது. அங்கே ஒரு பெட்டிக்குள் கேள்விக்குறி போடலாம், பேர் இல்லாத கோடு இழுக்கலாம். எல்லாம் முடிவான பிறகு யாரோ ஒருவர் அதை டூலுக்குள் ஏற்றுகிறார். முடிவெடுக்க உதவ வேண்டிய டூல், எடுத்த முடிவைப் பதிவு செய்யும் குமாஸ்தாவாகிவிடுகிறது. மாடலிங் என்றாலே வீண்வேலை என்ற எண்ணம் இங்கேதான் வேர்விடுகிறது என்று நம்புகிறேன்.

இதற்குத் தீர்வு புரோகிராமிங் உலகத்திலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எது எண், எது எழுத்து என்று வகை (டைப்) குறிக்க உதவும் டைப்ஸ்கிரிப்ட் மொழி 2012-இல் வந்தபோது, இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே நாளில் வகைப்படுத்து என்று அது கேட்கவில்லை. தெரியாத இடத்தில் 'எனி' (எந்த வகையாகவும் இருக்கலாம்) என்று போட்டுவிட்டு நகரலாம். கோப்பு கோப்பாக வகைகளைச் சேர்க்கலாம். தயாரானதும் கண்டிப்பை ஏற்றலாம். மாடலிங் டூல்களும் இப்படி இருக்க வேண்டும். வகை தெரியாத பெட்டிக்கு இடம் கொடு. மெட்டாமாடலை மீறினால் தடுக்காதே, ஓரத்தில் ஒரு குறிப்பு காட்டு. நிரல் உருவாக்கும் நேரம் வந்தால் மட்டும், அதுவும் எந்தப் பகுதியிலிருந்து உருவாக்குகிறோமோ அந்தப் பகுதியில் மட்டும், கறாராக இரு. முதலில் சில உதாரணங்களை இஷ்டப்படி வரைந்துவிட்டு, அவற்றிலிருந்து மெட்டாமாடலை ஊகித்தெடுக்கும் வழியையும் ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள். அந்த வேலைகள் ஆய்வுக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்த சிக்கல் மாற்றம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மாடலுக்கென்று தனி டீம் இருந்தது. ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டுமென்றால் அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் மாடலை மாற்றி, நிரலை மீண்டும் உருவாக்கித் தருவதற்குள் எங்கள் ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) முடிந்துவிடும். காத்திருக்க முடியாத டெவலப்பர்கள், ஏற்கெனவே இருந்த "கூடுதல் விவரம்" என்ற ஸ்ட்ரிங் ஃபீல்டுக்குள் எல்லாவற்றையும் திணிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் சிஸ்டத்தின் முக்கியமான தகவல்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மாடலைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஆனால் சிஸ்டம் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. அந்த டெவலப்பர்கள் மீது நான் குறை சொல்ல மாட்டேன். மாடலை மாற்றும் உரிமை, அதை வைத்து வேலை செய்பவர்கள் கையில் இல்லாவிட்டால் எங்கும் இதுதான் நடக்கும்.

மெட்டாமாடலே மாறும்போது நிலைமை இன்னும் மோசம். பழைய மாடல்கள் திறக்கவே மறுக்கும். ஆனால் இதுவும் தீர்க்க முடியாத பிரச்சினை இல்லை. டேட்டாபேஸ் உலகத்தில் ஸ்கீமா (தகவல் அமைப்பு) மாறினால் கூடவே, பழைய தகவலைப் புதிய அமைப்புக்கு மாற்றும் ஒரு மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் எழுதுவது இன்று பழகிப்போன விஷயம். கூகுள் 2008-இல் திறந்த மூலமாக வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸைப் பாருங்கள். புரோகிராம்கள் பரிமாறும் தகவலின் வடிவத்தை விவரிக்கும் கருவி அது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஓர் எண். நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஒதுக்கி வைத்துவிட வேண்டும். புதிதாக வந்த ஃபீல்டைப் பழைய புரோகிராம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். இவ்வளவு எளிய விதிகளால் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. "நாங்கள் மாடல் வழியில் எல்லாம் போவதில்லை" என்று சொல்லும் எத்தனையோ டீம்கள் தினமும் ஒரு புரோட்டோ கோப்பை எழுதி, அதிலிருந்து மூன்று நான்கு மொழிகளில் நிரல் எடுக்கின்றன. அது மாடல் வழி மென்பொருள் இல்லாமல் வேறென்ன? மாடல் சின்னது, நோக்கம் ஒன்றே ஒன்று, மாற்றத்துக்கான விதி முதல் நாளே உள்ளே இருக்கிறது. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஜான் விட்டில், ஜான் ஹட்சின்சன், மார்க் ரவுன்ஸ்ஃபீல்டு ஆகியோர் தொழில் நிறுவனங்களில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. வெற்றி பெற்ற இடங்களில் பெரும்பாலும் எல்லாவற்றையும் விவரிக்கும் ஒரு பேரமைப்பு இருக்கவில்லை. ஒரு குறுகிய துறைக்காக உள்ளேயே உருவாக்கிய சின்னச் சின்ன மொழிகள்தான் இருந்தன. தானாக நிரல் கிடைப்பதைவிட, கட்டமைப்பு தெளிவானதே பெரிய லாபம் என்றும் தெரியவந்தது.

மெர்ஜ், அதாவது பலர் செய்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அஜைல் டீமில் தினசரி வலி இதுதான். இரண்டு பேர் ஒரே மாடலைத் தொட்டால், எக்ஸ்எம்எல் கோப்பில் யாருக்கும் புரியாத அடையாள எண்களோடு முரண்பாடு வந்து நிற்கும். ஒரு பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் அதுவும் மாற்றமாகத் தெரியும். இதற்கென்று ஒப்பிடும் டூல்கள் இருக்கின்றன, ஆனால் சாதாரண புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்வைக்கு வைப்பது) படித்துக் கருத்துச் சொல்ல முடியாத எதையும் டீம் மதிக்காது. எக்ஸ்டெக்ஸ்ட், லாங்கியம் போன்ற, சொந்த மொழி உருவாக்க உதவும் டூல்களை வைத்து எழுத்து வடிவ மொழியை அமைத்து, படத்தை அதிலிருந்து பெறுவது பெரும்பாலான டீம்களுக்கு நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலான டீம்களுக்கு என்றுதான் சொல்கிறேன். சிமுலிங்க் என்ற பட வழி டூலில் வேலை செய்யும் கார் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களிடம் போய் படத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சிந்திப்பதே பிளாக் டயகிராமில். அந்தத் துறையில் மாடலிலிருந்து நிரல் எடுப்பது அன்றாட நடைமுறை.

உருவான நிரலைக் கையால் திருத்துவதில் எனக்குச் சமரசம் இல்லை. உருவானது ஒரு கிளாஸில், கையால் எழுதியது அதிலிருந்து பிறக்கும் இன்னொரு கிளாஸில் என்று பிரித்துவிட்டால் ஒன்று மற்றொன்றை அழிக்காது. மாடலிலிருந்து நிரலுக்கும் நிரலிலிருந்து மாடலுக்கும் மாறி மாறி ஓடும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் மாடல் எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரே கோரிக்கையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமான நிரல் வரும்போது, எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஓர் ஆர்டர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிய மாடல் அந்த வேலையைச் செய்யும். அதிலிருந்து டெஸ்டுகளை உருவாக்கி, யார் எழுதிய நிரலானாலும் அதன்மேல் ஓட்டலாம்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: மாடலை அழிப்பது. அமேசான் வெப் சர்வீசஸ் பொறியாளர்கள் 2015-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சிஸ்டத்தின் நடத்தையைக் கணித மாடலாக எழுதிச் சரிபார்க்க உதவும் டிஎல்ஏ பிளஸ் மொழியைப் பயன்படுத்திய அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். டைனமோடிபி என்ற தங்கள் டேட்டாபேஸ் சேவையில் அவர்கள் கண்டுபிடித்த ஒரு பிழை, 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால்தான் வெளிப்படும். எந்த டெஸ்டும் அந்த வரிசையைப் பிடித்திருக்கவில்லை. அந்த மாடலிலிருந்து ஒரு வரி நிரல்கூட உருவாக்கப்படவில்லை. யோசிக்கவும் சரிபார்க்கவும் உதவியது, அதுவே அதன் பயன். எல்லா மாடலையும் எல்லாக் காலத்துக்கும் நிரலோடு ஒத்திசைத்து வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் டீம்களை நசுக்குகிறது.

அதனால் நான் இருக்கும் டீம்களில் ஒன்றை வலியுறுத்துகிறேன். ஒவ்வொரு மாடல் கோப்பின் முதல் வரியிலும் அது எதற்காக என்று எழுதுங்கள்: நிரல் உருவாக்கவா, சரிபார்க்கவா, யோசிக்கவா? முதல் இரண்டும் ஒவ்வொரு பில்டிலும் (நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் ஒவ்வொரு முறையும்) ஓட வேண்டும், உடைந்தால் பில்டும் உடைய வேண்டும். மூன்றாவது வகை, அது பதில் சொல்ல வந்த கேள்வி தீர்ந்ததும், ரெப்போவிலிருந்து (நிரல் சேமிப்பகத்திலிருந்து) போய்விட வேண்டும். பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் (Git) டூலில் வரலாறு இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.