பண்டிக்கு 5,500 கட்டி

செயலாளர்: தம்பி, ஒரு மைதானத்தை முழுவதுமாக மூடுவதற்கு எத்தனை கட்டி ஐஸ் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும்.

ஐஸ்காரர்: எந்த மீனுக்கு, ஐயா?

செயலாளர்: மீனுக்கு அல்ல. பண்டிக்கு.

ஐஸ்காரர்: (செயலாளரின் சட்டையில் மூடமுடியாமல் நிற்கும் நான்காவது பொத்தானைப் பார்த்து) பண்டிக்கு ஐஸ் வைத்தால் வற்றிவிடும் என்று எந்த வைத்தியர் சொன்னார்? சுளுக்குக்குத்தான் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

செயலாளர்: நான் வயிற்றைச் சொல்லவில்லை. பண்டி என்பது சுவீடன், பின்லாந்து, ரஷ்யா போன்ற குளிர்நாடுகளில் ஐஸின் மேல் சறுக்குச் சப்பாத்து அணிந்து, நுனி வளைந்த தடியால் சிறிய பந்தொன்றை அடித்து, பக்கத்துக்கு 11 பேராக 90 நிமிடம் ஆடுகின்ற விளையாட்டு. உதைபந்தாட்ட மைதானமளவு இடம் வேண்டும். கோல் காப்பாளருக்கு மட்டும் தடி கிடையாது.

ஐஸ்காரர்: எங்கள் பக்கத்தில் பண்டி என்றால் வயிறு, பழைய ஆட்கள் வண்டிலையும் அப்படிச் சொல்வார்கள். இரண்டில் எதையும் ஐஸின் மேல் ஓடவிட்டு நான் கண்டதில்லை.

செயலாளர்: அதற்கென்று சர்வதேசச் சம்மேளனமே இருக்கிறது, தம்பி. 1955ஆம் ஆண்டு சுவீடன், பின்லாந்து, நோர்வே, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து அதைத் தொடங்கின. இரண்டு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் முதலாவது உலகச் சம்பியன்ஷிப் போட்டியும் நடந்தது. அதில் மூன்று நாடுகள் ஆடின.

ஐஸ்காரர்: நான்காவது நாடு செயலாளர் பதவியில் இருந்ததா?

செயலாளர்: ஹங்கேரிக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நோர்வே விலகிக்கொண்டது.

ஐஸ்காரர்: நோர்வே என்பது உங்கள் மருமகன் இருக்கும் நாடு அல்லவா?

செயலாளர்: அவர்தான் எனக்கு இந்த விபரங்களையெல்லாம் அனுப்பினார். மாவட்டத்தில் வேறு எவரும் முந்துவதற்குள் திருகோணமலை மாவட்டப் பண்டிச் சங்கத்தை நிறுவிவிட வேண்டும் என்பது என்னுடைய எண்ணம். தலைவர், உபதலைவர்கள் நால்வர், பொருளாளர், ஆலோசகர்கள் ஆறு பேர் என்று எல்லாரையும் பிடித்துவிட்டேன். கடிதத்தாளும் இறப்பர் முத்திரையும் நேற்றே வந்துவிட்டன.

ஐஸ்காரர்: விளையாடுவது யார்?

செயலாளர்: அது இரண்டாம் கட்டம்.

(இந்த ஊரில் எந்தச் சங்கத்தின் இரண்டாம் கட்டத்தையும் கண்டவர் இருந்தால் கையை உயர்த்தலாம்.)

ஐஸ்காரர்: ஐயா, முத்திரை வந்துவிட்டபடியால் கணக்கையும் பார்த்துவிடுவோம். நீளம் 100 மீற்றர், அகலம் 60 மீற்றர், தடிப்பு இரண்டு அங்குலம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 275 தொன் வருகிறது. எங்கள் கட்டி 50 கிலோ. ஆகவே 5,500 கட்டி. இந்த வாடியில் ஒரு நாளைக்கு 200 கட்டி எடுப்போம். கடைசிக் கட்டி 28ஆம் நாள் மைதானத்துக்கு வந்து சேரும்போது முதல் கட்டி கொட்டியாரக்குடாவில் கலந்து மூன்றரைக் கிழமை ஆகியிருக்கும். கோட்டையடி மான்கள் வந்து நக்குவதையும் கழிக்க வேண்டும்.

செயலாளர்: கட்டியாக அடுக்கத் தேவையில்லை. நிலத்தின் கீழே குழாய் பதித்து, குளிர்ந்த உப்புநீரை அதற்குள் ஓடவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி உறைய வைக்கலாம்.

ஐஸ்காரர்: அந்தத் தொழிலைத்தானே நான் 19 வருடமாகச் செய்கிறேன்? உப்புநீர்த் தொட்டிக்குள் தகர அச்சை இறக்குகிறோம். உப்புநீர் தான் உறையாமல் சுற்றிச்சுற்றி ஓடிக்கொண்டு, அச்சுக்குள் அசையாமல் நிற்கிற நல்ல தண்ணீரைக் கல்லாக்கிவிடுகிறது. உங்கள் சங்கங்களும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

செயலாளர்: நீர் எதையும் எள்ளி நகையாடுகிறீர். வெயில் நாடுகளும் உறுப்புரிமை எடுத்திருக்கின்றன. 2014இல் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் போட்டியில் சோமாலியா ஆடியது. சோமாலியாவில் ஐஸ் விளைகிறதா?

ஐஸ்காரர்: அவர்கள் எங்கே பழகினார்கள்?

செயலாளர்: சுவீடனில். அகதிகளாகப் போய் பூர்லெங்கே என்ற ஊரில் குடியேறிய இளைஞர்கள்.

ஐஸ்காரர்: அப்படியென்றால் அவர்களுக்கு முதலில் கால் வழுக்கியிருக்கிறது, விழுந்து எழும்பியிருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கொடியைப் பிடித்திருக்கிறார்கள். நீங்கள் முத்திரையோடு தொடங்குகிறீர்கள்.

செயலாளர்: சம்மேளனத்துக்கே பெயர்ச் சிக்கல் வந்ததை அறிவீரா? வேறொரு சம்மேளனமும் அதே மூன்றெழுத்துச் சுருக்கத்தை வைத்திருந்தபடியால், 2001இல் எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டார்கள். 2004இல் ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரமும் முழுமையாகக் கிடைத்தது.

ஐஸ்காரர்: ஆகவே ஒலிம்பிக்கில் ஆடுகிறார்கள்.

செயலாளர்: 1952இல் ஒஸ்லோவில் காட்சிக்காக ஒரு தடவை ஆடினார்கள்.

ஐஸ்காரர்: அதற்குப் பிறகு?

செயலாளர்: அங்கீகாரம் இருக்கிறது, தம்பி.

ஐஸ்காரர்: எழுபது வருடமாக உண்மையாகவே விளையாடுகிறவர்களுக்கே பதக்கம் கிடைக்கவில்லை. உங்களுக்கு எதை எதிர்பார்த்து இந்த அவசரம்?

செயலாளர்: சம்மேளனத்தின் மாநாடுகள் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் நடக்கும். யாராவது போய்வர வேண்டும் அல்லவா?

ஐஸ்காரர்: (பொத்தானை மறுபடியும் பார்த்து) பண்டிக்காக.

செயலாளர்: பண்டிக்காகத்தான்.

ஐஸ்காரர்: ஐயா, நீங்கள் வலைப்பந்தாட்டச் சங்கத்துக்கும் செயலாளர் என்பதனால் கேட்கிறேன். போன மாதம் மக்கெய்சர் மைதானத்தில் என்னுடைய மகள் விழுந்து கணுக்கால் வீங்கியபோது, மேடையில் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது பேர் இருந்தீர்கள். உங்கள் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே போன வருடத்து அழைப்பிதழ்கள் இருந்தன. நான் இந்த வாடியிலிருந்து சாக்கில் சுற்றி, உமி ஒட்டியபடி ஒரு துண்டு ஐஸைச் சைக்கிளில் கொண்டுவந்து அவளுடைய காலில் வைக்கும்வரை, ஒலிவாங்கியில் உங்களுடைய நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு உள்ளங்கையளவு ஐஸ் இல்லாத உங்களுக்கு இன்றைக்கு 5,500 கட்டி கேட்கிறது.

செயலாளர்: அது... அது வேறு சங்கம், தம்பி.

ஐஸ்காரர்: ஆள் ஒருவர்தானே?

செயலாளர்: சரி, மைதானத்துக் கதையைப் பிறகு பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அங்குரார்ப்பணக் கூட்டம் இருக்கிறது. சோடாப் போத்தல்களைக் குளிர வைப்பதற்கு இப்போதைக்கு ஒன்றரைக் கட்டி போதும்.

ஐஸ்காரர்: காசா, கடனா?

செயலாளர்: பண்டிச் சங்கத்துக்கு இன்னும் வங்கிக் கணக்குத் திறக்கவில்லை. வலைப்பந்தாட்டச் சங்கத்தின் பேரில் எழுதிக்கொள்ளும்.

(ஐஸ்காரர் உளியைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கடன்காரர்களின் பெயர்களால் நிரம்பியிருந்த சுவரில் ஓரிடம் தேடிப்பிடித்துச் சுண்ணக்கட்டியால் எழுதினார்: ‘பண்டி வளர்க்க, ஒன்றரைக் கட்டி.’ செயலாளர் அதை வாசித்துவிட்டு, மூச்சை உள்ளே இழுத்து நான்காவது பொத்தானைப் பூட்டிப் பார்த்தார். பூட்டுப்படவில்லை.)