தள்ளுபடியில் வாங்கினால் உரிமையும் தள்ளுபடியா?

"ரீஃபர்பிஷ்டு" (பழையதைச் சரிசெய்து மறுபடி விற்பது) என்று பெட்டிமேல் ஒரு ஸ்டிக்கர். கீழே "முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்று ஒரு வரி. யார் சோதித்தார்கள், எதைச் சோதித்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள்? கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டு எஸ்பிரெசோ மெஷின்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிற வியாபாரிகள்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

எனக்கு வந்ததைச் சொல்கிறேன். வெளியே பளபளவென்று துடைத்திருந்தார்கள். காபித்தூள்மேல் வெந்நீரைப் பரப்பிவிடும் சல்லடையான ஷவர் ஸ்கிரீனைப் பிடித்திருக்கும் ஒரே திருகைக் கழற்றி இறக்கினால், பழைய காபித்தூள் எண்ணெயோடு சேர்ந்து கறுப்பாகக் கெட்டிதட்டிக் கிடக்கிறது. பாலை நுரைக்க நீராவி விடும் குழாயான ஸ்டீம் வாண்டின் நுனித் துளையில் யாரோ காய்ச்சிய பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது. வெந்நீர் இறங்கும் தலைப்பகுதியின் ரப்பர் வளையமான குரூப் ஹெட் கேஸ்கெட்டில் நகத்தை அழுத்தினால் பதியவே இல்லை, ரப்பர் அப்படி இறுகிப்போயிருக்கிறது. தூள் போட்டு மாட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரை எவ்வளவு இறுக்கினாலும் ஓரமாகத் தண்ணீர் கசிகிறது. இந்த மெஷினிலேயே மிக மலிவான பாகங்களில் கேஸ்கெட்டும் ஒன்று. அதைக்கூட மாற்றாதவர்கள் பாய்லரைத் திறந்து பார்த்தார்கள் என்று நான் எப்படி நம்புவது?

பணம் போவதே அந்த பாய்லரில்தான். உப்புத்தண்ணீர் ஊற்றி ஓட்டிய மெஷினுக்குள் சுண்ணாம்பு படிந்துகொண்டே வரும். ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும் தெர்மோபிளாக் வகையாக இருந்தால் தண்ணீர் போகும் பாதையே குறுகல், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு கப் எடுத்து வீடியோ காட்டினால் நுரையெல்லாம் அழகாக வரும், ஏனென்றால் கூடவே வரும் இரட்டைச் சுவர் ஃபில்டர் பழைய தூளிலிருந்துகூட நுரையைக் கிளப்பிவிடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் 15 பார் (அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பார்கள். அது பம்ப் தரக்கூடிய உச்சம். எஸ்பிரெசோவுக்குத் தூளின்மேல் 9 பார் அளவு வந்தால் போதும். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி அதை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "டெக்னிகல் டீம் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். அந்த டீமை இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அப்புறம் வந்ததுதான் உச்சம். "தள்ளுபடி விலையில் வாங்கியதற்கு ரிட்டர்ன் கிடையாது சார்."

யார் சொன்னது? குறைந்த விலைக்கு விற்றதால் மட்டும் விற்றவரின் பொறுப்பு போய்விடாது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் வாங்கலாம். செகண்ட் ஹேண்டுக்கும் அதே உரிமைதான். "மேலே கீறல் இருக்கிறது" என்று முன்பே காட்டி விற்றிருந்தால் அந்தக் கீறலைப் பற்றிப் புகார் செய்ய முடியாது, சரி. பம்ப் ஓடாததற்குக் கீறல் எப்படிச் சாக்காகும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்டப் பொறுப்பு. பழையதற்குக் குறைக்க நாடுகள் அனுமதிக்கலாம், ஆனால் 1 ஆண்டுக்குக் கீழே இறக்க முடியாது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்த்த பொருளைப் புதிது என்று விற்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். அமெரிக்காவில் நிலைமை மோசம். "இருக்கிறபடியே" என்று எழுதி விற்றால், பல மாநிலங்களில் சொல்லாமலே கிடைக்க வேண்டிய உத்தரவாதமும் போய்விடும். அந்த வரியைப் பார்த்தால் விலகிவிடுங்கள்.

வாரண்டி என்று பேச்செடுத்தால் இன்னொரு பந்தாட்டம். விற்றவர் "கம்பெனியைக் கேளுங்கள்" என்பார். கம்பெனியோ "அவர் எங்கள் அங்கீகரித்த விற்பனையாளர் இல்லை, வாரண்டி முதலில் வாங்கியவருக்குத்தான்" என்று கைகழுவிவிடும். ஒரிஜினல் பெட்டி இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று வேறு ஒரு நிபந்தனை. எனக்கு வந்ததே வேறு ஏதோ அட்டைப் பெட்டியில்! இரண்டு பாய்லர் மெஷின் சாதாரணமாகவே 10 கிலோவைத் தாண்டும். அதைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் நம் தலையில் கட்டினால் எத்தனை பேர் போராடுவார்கள்? பாதிப்பேர் சலித்து விட்டுவிடுவார்கள் என்பதுதான் இவர்கள் போடும் கணக்கு.

எந்தப் பாகத்தை மாற்றினோம், என்றைக்கு, சோதனையில் எத்தனை பார் வந்தது, பழுதானால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கட்டும். அந்தத் தாள் இல்லாத மெஷினை ரீஃபர்பிஷ்டு என்று விற்கவே விடக்கூடாது. வாங்கப் போகிறவர்களும் பணம் கட்டுமுன் இதை எழுத்தில் கேளுங்கள், பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள். கார்டில் கட்டுங்கள், வங்கியில் முறையிட ஒரு வழியாவது இருக்கும். நான் படங்களோடு விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். ரீஃபண்ட் வரவில்லையென்றால் அடுத்த கடிதம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான்.