வர முடியாது என்றால் ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்கள்

சனிக்கிழமை ராத்திரி மறுபடியும் நடந்துவிட்டது. என் உணவகத்தில் ஏழரை மணிக்கு எட்டு பேருக்கு டேபிள். ஒருத்தரும் வரவில்லை.

மதியம் நானே போன் போட்டு உறுதிப்படுத்தினேன். "கண்டிப்பா வர்றோம் செஃப், பசியோட வர்றோம்" என்றார் அந்த மனிதர். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு நட்ஸ் அலர்ஜி என்று சாஸை வேறு பாத்திரத்தில் முதலிலிருந்து செய்தோம். இரண்டு பேர் சைவம், அவர்களுக்கு மெனு முழுக்கத் தனி. ஒருவருக்குப் பிறந்தநாள் என்றார்கள், அதற்கும் ஏற்பாடு. ஏழே முக்காலுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எட்டு மணிக்கு அழைத்தேன். கட் செய்தார். கட் செய்தார் என்றால் போன் கையில்தான் இருக்கிறது! எட்டே காலுக்கு எடுத்தார். "வந்துட்டே இருக்கோம், பத்தே நிமிஷம்." பின்னால் டிவி அலறுகிறது. எந்தக் காரில் அப்படி டிவி அலறும்? அந்தப் பத்து நிமிஷத்துக்காக எட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்து, பிரெட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டு, சமையலறை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. எட்டு நாற்பதுக்கு சுவிட்ச் ஆஃப். ஒன்பது பத்துக்கு மெசேஜ் வருகிறது: "சாரி, ப்ளான் மாறிடுச்சு. அடுத்த தடவை பாப்போம்." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

எதற்கய்யா அந்தச் சிரிப்பு?

நகரத்தில் ஒரு டேபிள் காலியானால், தெருவில் நடந்துபோகிற யாராவது வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே வருவார்கள். என் வாசலுக்கு வெளியே வயலும் இருட்டும்தான். இருபத்து நான்கு இருக்கைகளில் எட்டு போனால் அன்றைய வரவில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. செலவில் ஒரு பைசா குறையாது. எங்களுடையது டேஸ்டிங் மெனு, நாங்களே தேர்ந்தெடுத்துச் சின்னச் சின்ன அளவில் வரிசையாகப் பரிமாறும் சாப்பாடு. அதில் அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்கு அளந்துதான் வாங்குகிறோம். மீன் காலையிலேயே துண்டாகிவிட்டது. மாவு முந்தின நாள் பிசைந்தது. சாஸுக்கு அடிப்படையான ஸ்டாக் சாறு ராத்திரி முழுக்கக் கொதித்தது. அந்த எட்டு பேருக்காகவே கூடுதலாக இரண்டு பேரைப் பரிமாற வரவழைத்தேன். கடைசி பஸ் போன பிறகு அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் நான்தான்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை: அதே ராத்திரிக்கு ஒரு வயதான தம்பதி இடம் கேட்டிருந்தார்கள். திருமண நாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். எட்டே முக்காலுக்கு அவர்களைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத் தொலைவில், சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போயிருந்தார்கள். அந்த அம்மா "பரவாயில்லப்பா" என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே புத்திமதி சொல்ல ஆள் வரும். "அவ்வளவு தூரத்துல கட்டினா யார் வருவா?" வருவார்கள்! 1900-இல் ஒரு டயர் கம்பெனி, ஜனங்கள் கார் ஓட்ட வேண்டும் என்று போட்ட கையேடுதான் மிஷ்லின். அதில் ஓர் உணவகத்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே தனியாகப் பயணம் போகலாம் என்று அர்த்தம். எல் புல்லி என்ற உணவகம் ஸ்பெயினில் வளைந்து வளைந்து போகிற மலைப்பாதையின் முடிவில், ஒரு சின்னக் கடற்கரையில் இருந்தது. அங்கே இடம் கிடைக்காதா என்று உலகமே ஏங்கியது. ஸ்வீடனின் காட்டுப்பக்கம் இருந்த ஃபேவிக்கன் உணவகத்துக்கு, 2019 இறுதியில் அது மூடும்வரை, விமானம் ஏறிப் போனார்கள். தூரத்தைக் குறை சொல்லாதீர்கள். வருகிறவர் வருவார், வராதவர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வரமாட்டார்.

சரி, முன்பணம் வாங்கலாம் என்றால் அதற்கும் கோபம். "எங்களை நம்பலையா?" சினிமா டிக்கெட்டுக்கு முன்னாடியே பணம் கட்டுகிறீர்கள், விமானத்துக்குக் கட்டுகிறீர்கள், பாதிப் படத்தில் எழுந்து போனால் யாரும் திருப்பித் தருவதில்லை, அங்கே வாயே திறப்பதில்லை. என்னிடம் மட்டும் மானம் போய்விடுகிறதா? சிகாகோவில் நெக்ஸ்ட் என்ற உணவகம் 2011-இல் திறந்தபோதே சாப்பாட்டை டிக்கெட்டாக விற்றது. ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டு வாங்கினார்கள். இந்த வாரத்திலிருந்து நானும் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கப் போகிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

மத்தியானமே "வரலை" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் அந்தத் தம்பதி வந்திருப்பார்கள். ஒரே ஒரு வரி!

அப்புறம் அந்த மேப் ஆப். என் உணவகத்தை அது பக்கத்து விவசாயியின் மாட்டுக்கொட்டகையில் காட்டுகிறது. திருத்தச் சொல்லி எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் "பரிசீலிக்கிறோம்" என்று ஒரே பதில். ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெட்லைட் அடித்துக்கொண்டு கார்கள் கொட்டகைக்குள் போகின்றன, மாடுகள் மிரளுகின்றன, அந்த மனுஷன் விடிகாலையில் பால் கறக்க எழுந்திருக்க வேண்டியவர், டார்ச்சோடு வந்து வழி சொல்லிக்கொண்டு நிற்கிறார். மேப்பில் ஒரு புள்ளியை முந்நூறு மீட்டர் நகர்த்த அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இன்னும் எத்தனை மாசம் வேண்டும்?