அப்புறம் எதற்கு இந்த லைசென்ஸ்?

தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்ட நம் தோழிக்கு ஏஜென்சிக்காரர் கைவிரித்த அந்த ஆடியோ குழுவில் வந்ததிலிருந்து எதுவும் எழுதக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு ஒரு அண்ணன் போட்ட கமெண்டைப் படித்த பிறகு முடியவில்லை.

ஆடியோவில் என்ன இருக்கிறது என்று மறுபடி விளக்கப் போவதில்லை, எல்லோரும் கேட்டாயிற்று. “உங்கள் லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது மேடம், ஆனால் பள்ளி நேட்டிவ் பாஸ்போர்ட்தான் கேட்கிறது” என்று ஏஜென்சிக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, அது. நேட்டிவ் என்றால் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுக்காரர். அவர் சிரித்ததுகூட எனக்குப் பெரிதில்லை. அவருக்குக் கமிஷன் முக்கியம். ஆனால் நம் தோழிக்காக ஒருவர் “பாவம்” என்று எழுதியதற்குக் கீழே அந்த அண்ணன் எழுதினார் பாருங்கள்: “பிழைக்கப் போன இடத்தில் ரூல் என்னவோ அதன்படிதான் இருக்கணும். சும்மா புலம்பக் கூடாது.” அதற்கு அத்தனை லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கும் நண்பர்கள்.

சரி அண்ணா. ரூலைப் பற்றியே பேசுவோம்.

தாய்லாந்தில் 2003இல் வந்த சட்டத்தின்படி ஆசிரியர் வேலை என்பது உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில். உரிமம் கொடுப்பது குருசபா, அதாவது அந்த நாட்டு ஆசிரியர் கவுன்சில். பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமானால் உள்ளூர்க்காரரும் அவர்களிடம் போக வேண்டும், வெளிநாட்டவரும் போக வேண்டும். பி.எட். மாதிரி கல்வியியல் படிப்போ சொந்த நாட்டு ஆசிரியர் உரிமமோ இருந்தால் உரிமத்துக்கே விண்ணப்பிக்கலாம். அதெல்லாம் இல்லை, வேறு ஏதோ ஒரு பட்டம்தான் இருக்கிறது என்றால் அவருக்காகப் பள்ளியே எழுதிக் கேட்டு, இரண்டு ஆண்டுக்கு ஒரு தற்காலிக அனுமதி வாங்கித் தரும். வெயிவர் என்போமே, அதுதான். அந்த இரண்டு ஆண்டுக்குள் தகுதியைத் தேடிக்கொள் என்று கொடுக்கும் அவகாசம் அது. அந்த அனுமதி அந்த ஒரு பள்ளிக்கு மட்டும்தான் செல்லும்.

இப்போது சொல்லுங்கள், இந்த ரூலில் யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார்? நம் தோழி எம்.ஏ., பி.எட். கையில் முழு உரிமம். அவருக்குப் பதிலாக எடுக்கப்பட்டவர் விளையாட்டு மேலாண்மை படித்தவர், வெயிவரில் வருகிறார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரூல்படிதான் நடக்க வேண்டும் என்றால், ரூல்படி அந்த வேலை யாருக்குப் போயிருக்க வேண்டும்? உரிமம் வைத்திருப்பவரை வாசலிலேயே அனுப்பிவிட்டு, உரிமத்தை இனிமேல்தான் தேடப் போகிறவரை உள்ளே கூப்பிட்டு, அவருக்குக் கூடுதல் சம்பளமும் கொடுப்பார்கள் என்றால், அப்புறம் எதற்கு இந்த லைசென்ஸ்?

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டுக்காரர்கள் என்பதால் எங்களிடம் உரிமத்துக்கு மேலே டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள், 990க்கு 600. எழுதினோம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, பி.எட். முழுவதையும் ஆங்கிலத்திலேயே எழுதி, ஊரில் பத்தாம் வகுப்புக்கு வருடக்கணக்கில் கிராமர் நடத்திவிட்டு வந்து, கூட்டம் எத்தனை மணிக்குத் தள்ளிப்போனது என்ற கேள்விக்கு உட்கார்ந்து வட்டத்தைக் கருப்பாக்கினோம். அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்கு ஆங்கிலம் மறந்துபோகும் போலிருக்கிறது. போகட்டும், அதுவும் ரூல்தான், கேட்டார்கள், காட்டினோம். யாரும் புலம்பவில்லை அண்ணா. கேட்ட தாளை எல்லாம் கொடுத்த பிறகும் கடைசியில் பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான் பார்ப்பேன் என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

நான் முதலில் சேர்ந்த பள்ளியில் நடந்த ஒன்றை இதுவரை இங்கே எழுதியதில்லை. பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்காக வாசலில் பேனர் வைக்கப் போகிறோம், ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் எல்லோரும் போட்டோவுக்கு வாருங்கள் என்றார்கள். நானும் பளிச்சென்று உடுத்திக்கொண்டு போனேன். ஒருங்கிணைப்பாளர் ரொம்ப மரியாதையான அம்மா, என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வரிசையில் நிற்கப் போன என்னைத் தோளைத் தொட்டு நிறுத்தி, கேமராவைக் கையில் கொடுத்து, “டீச்சர், நீங்கள்தான் நன்றாகப் படம் எடுப்பீர்கள்” என்றார். நான் அதற்கு முன் அவருக்கு ஒரு படம்கூட எடுத்துக் காட்டியதில்லை. எடுத்தேன். நன்றாகவே வந்தது. அடுத்த வருடம் முழுக்க அந்தப் படம்தான் கேட்டில் தொங்கியது. அதில் நின்ற நாலு பேரில் ஒருவரிடமும் உரிமம் கிடையாது, எல்லோரும் வெயிவர். அந்தத் துறையில் உரிமம் வைத்திருந்த ஒரே ஆள் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்.

அந்த நாலு பேரில் ஒருவர் பிறகு எனக்கு நல்ல நண்பரானார். வகுப்புக்குப் போகும் வழியில் என் மேசைக்கு வந்து, “இந்த ப்ரசென்ட் பெர்ஃபெக்ட்டை எப்படி விளக்குவது, சீக்கிரம் சொல்லு” என்று கேட்பார். கூச்சமே படமாட்டார், அது எனக்குப் பிடிக்கும். பலகையில் எழுத வேண்டியதை நான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் என் மேசைக்கு வரவில்லை.

“அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் வந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாமா? கட்டுப்பாடே வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும் ஐயா. நான் எங்கே வேண்டாம் என்றேன்? பிள்ளைகள் விஷயத்தில் எவ்வளவு கட்டுப்பாடு வைத்தாலும் தகும். கட்டுப்பாடு எப்படி வந்தது, யார் தலையில் விழுந்தது என்று மட்டும் பாருங்கள். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு இ-2 என்று ஒரு விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒன்று இருந்து, ஏதாவது ஒரு பட்டமும் இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. 2007 அக்டோபரில், குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக இன்டர்போல் தேடிய ஒரு கனடாக்காரர் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவில் பிடிபட்டார். அதற்குச் சற்று முன்புவரை அவர் கொரியாவில் ஆசிரியராக இருந்தவர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் இ-2 விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ், போதைப்பொருள் பரிசோதனை, எச்ஐவி பரிசோதனை எல்லாம் வந்தன. போலீஸ் சான்றிதழ் நூற்றுக்கு நூறு சரி, அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். எச்ஐவி பரிசோதனையால் எந்தக் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு? நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009இல் மறுபடி அந்தப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று மறுத்து வேலையை இழந்தார். கொரிய ஆசிரியர்களிடம் கேட்காததை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. 2015இல் ஐநாவின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையையே கைவிட்டது.

கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் புலம்புகிறார் என்று அவர் ஊர்க்காரர்கள் யாராவது கமெண்ட் போட்டார்களா என்று தெரியவில்லை.

அந்த ஏழு நாட்டுப் பட்டியலை மட்டும் அப்போது யாரும் தொடவில்லை. இந்தியாவுக்கு ஒரு சிறு கதவு உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி நாமும் ஆங்கிலத் துணை ஆசிரியராகப் போகலாம். ஆனால் நமக்குப் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் வேண்டும். கனடாக்காரருக்குப் பட்டம், நமக்குப் பட்டமும் பயிற்சியும், அப்புறமும் துணை. அதிகம் படித்தவரிடம் அதிகம் கேட்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இங்கிலாந்தும் சளைத்ததில்லை. ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ பயிற்சி பெற்ற ஆசிரியர் தாள்களை அனுப்பியே அங்கே தகுதிபெற்ற ஆசிரியர் நிலையை வாங்கிவிடலாம். அதே வாசல் இந்தியா, நைஜீரியா, கானா, ஜமைக்கா உட்பட ஒன்பது இடங்களில் பயின்றவர்களுக்குத் திறந்தது 2023 பிப்ரவரியில்தான். அதுவும் இந்தியாவில் பயின்றவர்களில், தொடங்கும்போது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிகள் நடத்துகிறவர்களுக்கு மட்டும். இங்கிலாந்தில் ஆள் கிடைக்காத பாடங்கள் அவை. ஆள் பற்றாக்குறை வந்தால் நம் பி.எட். சான்றிதழில் உள்ள எழுத்தெல்லாம் திடீரென்று தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

“இந்தியா மட்டும் என்ன எல்லோரையும் விடுகிறதா?” என்பது அடுத்த கேள்வி. இல்லை, விடுவதில்லை. இந்தியாவில் வேலை விசா வேண்டுமென்றால் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் என்று ஒரு விதி உண்டு. மொழி ஆசிரியர்களுக்கு அதில் விலக்கு, ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் விலக்கு இல்லை. ஜப்பானிய மொழி சொல்லித்தர வா, ஆங்கிலம் சொல்லித்தர எங்களிடமே ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆனால் அது லண்டன்காரருக்கும் அதேதான், கானாக்காரருக்கும் அதேதான். வேலையைப் பார்த்துப் போட்ட விதி, பிறந்த இடத்தைப் பார்த்துப் போட்டதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

உச்சரிப்பு என்று ஆரம்பிப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆங்கிலமே தாய்மொழியான ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

“பெற்றோர் காசு கொடுக்கிறார்கள், அவர்கள் விரும்புவதைப் பள்ளி கொடுக்கிறது, இது வியாபாரம்” என்பது மட்டும்தான் கொஞ்சம் நேர்மையான வாதம். வியாபாரம் என்றே சொல்லிவிடுங்கள், எனக்குச் சம்மதம். தரம், தகுதி, ஒழுங்கு என்ற வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். முகம் வேண்டும் என்று விளம்பரம் கொடுங்கள், நாங்கள் விண்ணப்பமே போட மாட்டோம். தகுதி வேண்டும் என்று விளம்பரம் கொடுத்து, உரிம நகலும் டோயிக்கும் போலீஸ் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு முகம் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என்னோடு பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் நாட்டில் 1994லேயே சட்டம் போட்டு, தேசிய அளவில் தேர்வு வைத்துத்தான் ஆசிரியர் உரிமம் கொடுக்கிறார்கள். அந்த உரிமத்தோடு வருகிறவர்களுக்கும் தாய்லாந்தில் எங்கள் கதிதான், டோயிக் வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அவர்களில் ஒருவருக்கு வேலை போனால் அன்றைக்கு மாலைக்குள் பத்துப் பேர் பத்துப் பள்ளியில் விசாரித்துவிடுவார்கள். எந்தப் பள்ளி யாரை எப்படி நடத்துகிறது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். ரூல் என்ன சொல்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்கே வகுப்பெடுக்க ஒருவரும் வரமாட்டார்.

நம் ஆட்கள்? ஊரில் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தால் அவர் சுற்றுலாப் பயணியா ஆசிரியரா என்றுகூடக் கேட்காமல் மேடையில் நடு நாற்காலி போடுகிறவர்கள் நாம்தானே. தாய்லாந்துப் பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா கேமராவைக் கொடுத்தபோது எனக்கு வராத கோபம், சொந்த ஊர் அண்ணன் ஒருவர் “சும்மா புலம்பக் கூடாது” என்று எழுதியதைப் படித்தபோது வந்தது. அவர் பிள்ளைக்கு நான் மாலையில் ஆன்லைனில் இலவசமாக கிராமர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்போது என் பாஸ்போர்ட்டை அவர் கேட்கவில்லை.

தோழிக்கு இப்போது வேறொரு பள்ளியில் கணக்கு வகுப்பு எடுக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்களாம். இந்தியர் என்றால் கணக்கு வரும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அவர் ஆங்கில ஆசிரியர், உரிமமும் அனுபவமும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் ஆங்கிலத் துறையில் இடம் இருந்தால் ஏஜென்சி வழியாகப் போகாமல் நேரே அவருக்கே சொல்லுங்கள், எண் குழுவில் இருக்கிறது. எனக்கு அறிவுரை சொல்ல விரும்புகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், இங்கே கீழேயே எழுதுங்கள், உங்கள் லைசென்ஸ் எண்ணோடு சேர்த்து.