டிரம்மில் பிளாஸ்டிக் காய்ச்சினால் பெட்ரோல் வராது

"கொடுங்கையூர் குப்பை பிளாஸ்டிக் ஒரு கிலோவை டிரம்மில் போட்டு, ஒரு பிடி வினையூக்கித் தூள் தூவிக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பெட்ரோல், வண்டிக்கு அப்படியே ஊற்றலாம்" என்ற செய்தி வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

பைராலிசிஸ், அதாவது காற்றில்லாமல் சூடாக்கி உடைப்பது, பொய்யல்ல. காற்றுப் புகாத கலனில், 400–500 டிகிரி செல்சியஸில் பாலிஎத்திலீன் (பைகளின் பிளாஸ்டிக்) உடைந்து எண்ணெய், வாயு, மெழுகு, கரி எல்லாம் கலந்துதான் வரும். இசட்எஸ்எம்-5 போன்ற ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) வினையூக்கி அந்த உடைப்பை எளிதாக்கும், அவ்வளவே. வருவதைச் சுத்திகரிக்காமல் ஊற்றினால் இன்ஜினுக்கு எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைக்கும்.

கலப்புக் குப்பையில்தான் ஆபத்து. தண்ணீர்க் குழாய்களின் பிளாஸ்டிக்கான பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். எண்ணெய் வருமுன்பே ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பி நுரையீரலையும் இரும்பையும் அரிக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் அமிலத்தூளாகக் குழாயில் படியும். குழாய் அடைத்தால் அழுத்தம் ஏறி மூடி பறக்கும். வினையூக்கியும் நிலைக்காது: நுண்துளைகளில் கரி படியப் படியச் செயலிழக்கும். ஆலைகளில் அந்தக் கரியைக் காற்றில் எரித்துப் புதுப்பிக்கிறார்கள். டிரம்மில் அதெப்படி?

பெட்ரோல் தரத்தை ஐஎஸ் 2796 என்ற இந்தியத் தர ஆவணத்திலும், குப்பை விதிகளை பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-லும் பார்க்கலாம். இந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.