ஒரு பல் வலிக்குப் போனால் 55,000 ரூபாய் எஸ்டிமேட்டா?

எக்ஸ்ரே எடுத்தது ஒரு பல்லுக்கு. பல்லுக்குள் நரம்பை எடுத்து வேரை அடைக்கிற ரூட் கேனால் செய்யச் சொன்னது நான்கு பல்லுக்கு. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அம்மாவுக்குக் கீழே வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் வலி. கிராம்பு வைத்துப் பார்த்தாச்சு, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டு, காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போய்வந்தார். பொறுக்க முடியாமல் மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு எதிரே இருந்த டிவியில் பல்லைக் காட்டினார்கள். ஒற்றைப் பல் டிவி முழுக்க நிற்கும்போது, ஊசிமுனை அளவு கறுப்புகூடப் பாழுங்கிணறு மாதிரிதான் தெரியும். அம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது. பல்வரிசை அச்சடித்த தாளில் டாக்டர் 46, 47, 36, 37 என்று நான்கு பல் எண்ணில் வட்டம் போட்டார். முதல் இரண்டும் கீழே வலப்பக்கக் கடைவாய்ப்பல், அடுத்த இரண்டும் இடப்பக்கத்தில். "எல்லாமே உள்ளே போயிருச்சும்மா, விட்டா எடுக்க வேண்டி வரும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம். அடுத்த ஆள் உள்ளே வந்தாச்சு.

மீதியை ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னார். ரூட் கேனால் ஒன்றுக்கு 4,500, பல்லுக்கு மேல் போடும் பல் நிற உறையான ஜிர்கோனியா கேப் ஒன்றுக்கு 9,000, கிளீனிங் 1,000. மொத்தம் 55,000 ரூபாய். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் பத்து சதவீதம் குறையுமாம், தவணையிலும் கட்டலாமாம். நாளைக்கு வந்தால் ஏன் குறையாது? பல் என்ன ஆடித் தள்ளுபடிச் சரக்கா? வலியில் இருக்கும் மனுஷியை யோசிக்க விடாமல் பணம் கட்ட வைக்கும் வேலை இது, வேறு என்ன சொல்ல?

எக்ஸ்ரே காப்பி கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "சிஸ்டத்துல இருக்கு, ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சதும் அனுப்புவோம்" என்றார். காசு கொடுத்து எடுத்த படம். எங்கள் அம்மாவின் வாய். அதைப் பார்க்க நாங்கள் முதலில் 55,000 ரூபாய் வேலைக்குச் சம்மதிக்க வேண்டுமா? மற்ற மூன்று பல்லுக்கு எக்ஸ்ரே எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. சொத்தை நரம்புவரை போயிருக்கிறதா, வேர்நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் எக்ஸ்ரே இல்லாமல் டிவியில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இது எனக்குத் தெரியும்போது படித்த டாக்டருக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "எனக்க பல்லுக்கு இவ்வளவு பைசா களைய வேண்டாம் மக்கா. வலிச்சா பிடுங்கிப் போட்டுரலாம்." இதைக் கேட்டபோதுதான் கோபம் தலைக்கேறியது. நான்கு பல்லைச் சொல்லிப் பயமுறுத்தியதால், உண்மையிலேயே காப்பாற்ற வேண்டிய ஒரு பல்லும் போகப் பார்த்தது. நம்மூரில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது! தொகையைக் கேட்டதும் திரும்பி வந்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவார்கள். மாத்திரை வலியை அமுக்கும், வேரில் இருக்கும் சீழை எடுக்காது. கடைசியில் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். காத்திருக்க வேண்டியிருந்தது, ஒருநாள் கூலியும் போச்சு. ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசி உடனே நிற்கிறதா, நிற்காமல் வலிக்கிறதா? சூடான டீ குடித்தால் எப்படி? படுத்தால் கூடுகிறதா? ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கே காட்டினார். கூச்சம் உடனே நின்றால் நரம்பு பிழைக்க வாய்ப்பு உண்டு, அடைத்துப் பார்க்கலாம். தானாகவே வலி எடுத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் பெரும்பாலும் ரூட் கேனால்தான். இதைத்தான் சொன்னார். 46க்கு ரூட் கேனால் வேண்டும், கேப்பும் வேண்டும். 36க்குச் சின்னதாக ஒரு அடைப்பு போதும். 47, 37 இரண்டிலும் பள்ளத்தில் இருப்பது வெற்றிலைக் கறை!

கறைக்கு ரூட் கேனால் எழுதியிருக்கிறார்கள், கேட்டீர்களா? கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அரைத்து எடுக்க வேண்டும். எனாமல் திரும்ப வளராது. நல்ல பல்லை அரைத்துவிட்டால் அந்தப் பல்லுக்கு ஆயுசு முழுக்கக் கேப்தான். பத்து வருஷம் வாரண்டி என்று கார்டு நீட்டுகிறார்களே, அது கேப்புக்கு, பல்லுக்கு இல்லை. அதுவும் யாருக்கும் தெரியாத கடைவாயில் ஜிர்கோனியாதான் வேண்டும் என்று என்ன கட்டாயம்? மெட்டல் கேப் அங்கே நன்றாகவே உழைக்கும். அந்த விலையை அந்தத் தாளில் எழுதவே இல்லை.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பநிலைச் சொத்தையை ஒருவர் ஃப்ளூரைடு பூசி ஆறு மாதம் கவனிப்போம் என்பார், இன்னொருவர் இப்போதே அடைத்துவிடலாம் என்பார். இரண்டுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். படத்தைக் காட்டுங்கள், எந்தப் பல்லுக்கு என்ன, ஏன், எது அவசரம், எது பொறுக்கும் என்று எழுதிக் கொடுங்கள். வேறு இடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கருத்து கேட்க வழி இல்லாமல் இல்லை. ஆசாரிப்பள்ளம் இருக்கிறது, குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் போகிற ஒவ்வொரு இடத்துக்கும் கூலியை விட்டுத்தான் போக வேண்டும். கையில் எக்ஸ்ரே இருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிச்சம். அதைக்கூடக் கொடுக்க மனசில்லை என்றால் எதை நம்பி வாயைத் திறந்து காட்டுவது?

அம்மாவுக்கு 46இல் வேலை ஆரம்பித்தாச்சு, வலி நின்றுவிட்டது. இப்போது மைனிக்கும் (அண்ணிக்கும்) அதே கிளினிக்கில் இரண்டு கேப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன். எக்ஸ்ரே காப்பியைக் கையில் வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.